ஓடும்போது பைக் செயின் அறுந்தால்: புதுச் செயின் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். 150 சி.சி. பைக், 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பைபாஸில் 60இல் போய்க்கொண்டிருந்தபோது செயின் அறுந்துவிட்டது. நல்லவேளையாகக் கீழே விழவில்லை. ரோட்டோரக் கடையில் பழைய செயினிலேயே இரண்டு கண்ணியை எடுத்துவிட்டு லாக் (இரண்டு முனைகளையும் சேர்க்கும் இணைப்புக் கண்ணி) போட்டுக் கொடுத்தார்கள், வீடு வந்து சேர்ந்தாயிற்று. இப்போது ஓட்டினால் 'டக் டக்' என்று சத்தம். காலையில் பார்த்தால் வண்டிக்குக் கீழே இடது பக்கம் எண்ணெய் சொட்டியிருக்கிறது. செயினை மட்டும் மாற்றினால் போதுமா? இன்ஜினில் அடிபட்டிருக்குமா? வீட்டிலேயே எவ்வளவு தூரம் செய்யலாம்?

செயினை மட்டும் மாற்றினால் போதாது. அதைவிட அவசரமானது அந்த எண்ணெய்ச் சொட்டு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். 150 சி.சி. வண்டியில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர் சொச்சம்தான். இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் அதே ஆயில். சொட்டுச் சொட்டாகப் போவது ஓட்டும்போது, சூடு ஏறியதும், ஒழுகலாக மாறலாம். பக்கத்து டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். குட்டி யானையில் ஏற்றிப் போகும் வாடகை, பிஸ்டன் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

செயின் அறுந்தால் இன்ஜினில் ஏன் அடிபடுகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 17 அங்குலச் சக்கரம் டயரோடு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு எட்டு, ஒன்பது சுற்று. பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) 42 பல், செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் செயின் நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 118 கண்ணி உள்ள செயினின் மொத்த நீளமே ஒன்றரை மீட்டர்தான். ஆக, அறுந்த செயின் முழுவதும் முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் இழுபட்டுக் குவிய ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். கிளட்சைப் பிடிக்கக் கை போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிக் குவிவதில்லை. பெரும்பாலும் அறுந்த முனை முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வெளியேறி, மொத்தச் செயினும் ரோட்டில் பின்னால் போய் விழுந்துவிடும். அது யோகம். செயினை நீங்கள் ரோட்டில் நடந்துபோய் எடுத்து வந்தீர்களா, இல்லை முன்னால் கவருக்குள் சிக்கி இருந்ததைக் கடைக்காரர் இழுத்து எடுத்தாரா? இதைக் கேள்வியில் சொல்லவில்லை. சிக்கி இருந்தது என்றால், ஸ்ப்ராக்கெட்டுக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவில் உள்ள ஒரு விரல் இடைவெளிக்குள் எஃகுச் செயின் மடிந்து அடைபட்டிருக்கிறது என்று பொருள். கேஸ் அலுமினிய வார்ப்பு. எஃகோடு மோதினால் தோற்பது அதுதான். பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் சிக்கியிருந்தால் பின்சக்கரமே பூட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் விழாமல் வந்திருக்க மாட்டீர்கள். ஆகவே பார்வை முன்பக்கம் போகட்டும்.

இடது பக்கம் முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றுங்கள். கியர் லீவரைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும் முன் லீவரின் வெட்டும் ஷாஃப்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள், இல்லையென்றால் திரும்ப மாட்டும்போது லீவர் ஒரு பல் மேலே ஏறி காலுக்கு எட்டாது. கவரைத் திறந்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழைய செயின் எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் வழித்து எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். அலுமினியத்தின் வெள்ளை தெரியும் வரை தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் அந்தக் கறுப்பிலேயே ஒளிந்துகொள்ளும்.

சுத்தம் செய்த இடத்தில் எண்ணெய் வருவதற்கு நாலு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கும் ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல். இரண்டு, கியர் லீவர் ஷாஃப்டின் சீல். மூன்று, பல வண்டிகளில் பக்கத்திலேயே இருக்கும் நியூட்ரல் சுவிட்ச். நாலாவது கேஸ் விரிசல். முதல் மூன்றில் ஒன்று என்றால் கொண்டாடுங்கள், பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். எது என்று கண்டுபிடிக்கப் பட்டறைகளில் செய்வது முகப் பவுடர் வித்தை. துடைத்து நன்றாகக் காய்ந்த இடத்தில் பவுடரைத் தூவி ஊதிவிட வேண்டும். ஆயில் அளவைக் குச்சியில் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, செயின் இல்லாமல் நியூட்ரலில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட விட்டு நிறுத்துங்கள். (ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றதற்கு இந்த ஒன்று மட்டும் விலக்கு.) பவுடர் எங்கே முதலில் ஈரமாகிறதோ அதுதான் ஊற்றுக்கண். சீல் என்றால் ஷாஃப்டைச் சுற்றி வளையமாக நனையும். விரிசல் என்றால் வெள்ளைப் பவுடரில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரியும்.

விரிசல் இருந்தால் அது எந்த இடத்தில் என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு முடிவு. ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வேலி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு மட்டும் உடைந்திருந்தால், உள்ளே ஆயில் இருக்கும் பகுதிக்கு அது போகவில்லையென்றால், கூர்முனையை அரத்தால் தேய்த்துவிட்டு அப்படியே ஓட்டலாம். அழகு கெடும், அவ்வளவே. கவர் போல்ட் பிடிக்கும் காது உடைந்திருந்தாலும் வெல்டிங்கில் சரியாகிவிடும். கியர் பெட்டியின் சுவரிலேயே விரிசல் என்றால்தான் வேலை பெரிது.

அதற்கு நம்மூரில் எல்லோரும் முதலில் நீட்டுவது எம்-சீல் (பிசைந்து அப்பும் எபாக்ஸி பசை). பழிக்க மாட்டேன், வீட்டுக்குப் போய்ச் சேர அது உதவும். ஆனால் சூடும் ஆயிலும் அதிர்வும் சேர்ந்த இடத்தில் அது நிரந்தரமாக நிற்கும் என்று நம்ப வேண்டாம். போடுவதென்றால் ஆயிலை வடித்துவிட்டு, அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டி, பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைத்து, துளி எண்ணெய் இல்லாமல் செய்த பிறகுதான் பிடிக்கும். ஈரத்தின் மேல் அப்பியது இரண்டாம் நாளே உரிந்து வந்துவிடும்.

நிரந்தர வேலை என்றால் ஆர்கான் வெல்டிங். இதைச் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, நன்றாகச் செய்கிறவர்கள் குறைவு. வருடக்கணக்காக ஆயிலில் ஊறிய அலுமினியம் சூடுபட்டதும் உள்ளிருந்து எண்ணெயைக் கக்கும், வெல்டில் குமிழ் விழும். ஆகவே இன்ஜினை இறக்கி, கேஸை முழுதாகப் பிரித்து, கழுவிச் சூடாக்கி அப்புறம்தான் பற்றவைக்க வேண்டும். இன்ஜின் வண்டியில் இருக்க, வெளியிலிருந்தே பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பக்கத்தில் பேரிங்கும் ரப்பர் சீலும் இருக்கின்றன, சூட்டில் அவை போய்விடும். விரிசல் பேரிங் உட்காரும் குழி வரை ஓடியிருந்தால் வெல்டிங்கும் வேண்டாம். அந்தக் குழி சூட்டில் ஒரு நூல் கோணினாலும் ஷாஃப்ட் நேராக நிற்காது, கியர் கத்தும். அப்போது கேஸையே மாற்ற வேண்டும். இடம் வலம் இரண்டும் ஒன்றாகக் கடைந்து வரும் ஜோடி என்பதால் பாதியை மட்டும் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்து மாட்டுவது சரிப்படாது.

கேஸ் மாற்றுவதில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. இன்ஜின் நம்பர் அந்தக் கேஸின் மேல்தான் குத்தப்பட்டிருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் வேறாகிவிட்டால் நாளைக்கு விற்கும்போதும், போலீஸ் சோதனையிலும், விபத்துக் கோரிக்கையிலும் தலைவலி. வாங்கிய பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் மாற்றம் வாங்கிவிடுங்கள். பழைய கேஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், பில் இல்லாமல் வாங்குவது வேறு வில்லங்கம்.

கேஸ் தப்பித்திருந்தால் அடுத்து ஷாஃப்ட். முன் ஸ்ப்ராக்கெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே வெளியே கொஞ்சம் நகர்வது பல வண்டிகளில் இயல்புதான், ஸ்ப்ராக்கெட்டே ஷாஃப்டின் மேல் சிறிது தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஷாஃப்டோடு சேர்ந்து மேல் கீழாக ஆடினால் பேரிங் போயிற்று. கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். செயின் அடித்ததில் லீவர் ஷாஃப்ட் வளைந்திருந்தால் கியர் விழுவது கடினமாக இருக்கும், அல்லது லீவர் திரும்பி வராது. நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்றும் கவனியுங்கள், அதன் ஒயர் அந்த வழியாகத்தான் போகும். ராஜ்தூத் 350 மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதில் கிளட்ச் ராடு முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இடது கவருக்குள் வந்து முடிகிறது, செயின் அறுந்தால் ராடு வளைந்து கிளட்சும் கூடவே போகலாம். இப்போதைய 150களில் பெரும்பாலும் கிளட்ச் வேலை எல்லாம் வலது பக்கம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பின்பக்கம் பார்ப்பது எளிது. டயரின் பக்கச் சுவரில் வெட்டு இருக்கிறதா, ஸ்விங் ஆர்மில் செயின் கீறிய தடம் ஆழமா, அதன் மேல் இருக்கும் ரப்பர் பட்டை இருக்கிறதா அல்லது தேய்ந்து இரும்பு தெரிகிறதா, செயின் கவர் வளைந்து உரசுகிறதா. சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பரை எடுத்துப் பாருங்கள். அது நசுங்கி ஸ்ப்ராக்கெட் முன்னும் பின்னும் ஆடினால் ஒவ்வொரு தடவை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதும் செயினுக்கு ஒரு வெட்டு விழும். விலை மலிவு, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

சரி, இனி அறுந்த காரணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் புதுச் செட் மாட்டினால் அதுவும் ஒரு நாள் அறுந்துபோகும். எடுத்துப் போட்ட அந்த இரண்டு கண்ணி உங்களிடம் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள். பக்கத் தகடு துளையின் ஓரத்தில் உடைந்திருந்தால், உடைந்த முகத்தின் நிறத்தைக் கவனியுங்கள். ஒரு பாதி கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து மறுபாதி மட்டும் பளபளவென்று இருந்தால், விரிசல் நாள்பட்டது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து அன்றைக்கு மிச்சமும் விட்டிருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் செயினை விறைப்பாக வைத்து ஓட்டியது, அல்லது தேய்ந்த பல்லின் மேல் ஓட்டியது. முகம் முழுக்கப் பளபளப்பு என்றால் திடீர் அடி. கல் மாட்டியது, துணி சுற்றியது, பல்லில் செயின் ஏறியது மாதிரி ஏதாவது. தகடுகள் எல்லாம் முழுதாக இருந்து, இரண்டு பின்னும் (கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள்) சுத்தமாக வெளியே வந்திருந்தால் செயின் உடையவே இல்லை, லாக்கின் கிளிப் கழன்று விழுந்திருக்கிறது. இது மாட்டியவர் கைவேலைக் குறை. உருளைகள் அங்கங்கே காணாமல் போயிருந்தால், அல்லது கண்ணிகள் மடங்கியபடியே விறைத்து நின்றால் துரு. கடலோர ஊர்களில், மழைக்காலத்தில் நனைந்த வண்டியை எண்ணெய் போடாமல் வாரக்கணக்கில் நிறுத்துபவர்களிடம் இதைத்தான் அதிகம் பார்க்கலாம்.

மிச்சமுள்ள செயினையும் அளந்து பாருங்கள். செயின் நீளுகிறது என்று சொல்கிறோமே, அதில் இரும்பு நீளுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்து சிறு இடைவெளி விழுகிறது. நூற்றுப் பதினெட்டு இடைவெளியும் சேர்ந்தால் செயின் தொங்குகிறது. 428 அளவுச் செயினில் 20 கண்ணி, அதாவது ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்தோராவது பின்னின் நடு வரை, புதிதில் 254 மி.மீ. இருக்கும். செயினை இழுத்துப் பிடித்து ஸ்கேலால் அளந்து, 259 மி.மீ.யைத் தொட்டிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. உங்கள் வண்டி ஓடிய தூரத்துக்கு அது அந்தச் செயினிலேயே ஓடியிருந்தால் அளக்கவே வேண்டாம். சாதாரண 150இல் எண்ணெய் ஒழுங்காகப் போட்டாலும் 20 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினாலே செயின் நன்றாக உழைத்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

அந்த ரோட்டோரக் கடைக்காரர் இரண்டு கண்ணி எடுத்தாரே, அவசரத்துக்கு அது நியாயம். ஆனால் பலர் அறுந்துபோகாத செயினிலேயே, அட்ஜஸ்டர் (பின்சக்கரத்தைப் பின்னால் நகர்த்திச் செயினை இறுக்கும் அமைப்பு) கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டது என்று இரண்டு கண்ணி எடுத்துவிட்டு 'இன்னும் அஞ்சாயிரம் ஓடும்' என்கிறார்கள். அட்ஜஸ்டர் கோடு தீர்ந்துவிட்டது என்றால் வண்டியே 'செயின் முடிந்தது' என்று சொல்கிறது. நீளத்தைக் குறைக்கலாம், தேய்ந்த பின்னை எதைக் கொண்டு தடிமனாக்குவது?

உங்கள் 'டக் டக்' சத்தத்துக்கு வருகிறேன். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில், இன்ஜின் நிற்கையில் கையால் பின்சக்கரத்தைச் சுற்றுங்கள். அந்த லாக்கின் மேல் சாக்பீஸால் ஓர் அடையாளம். சக்கரம் மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும்போது (கண்ணி எண்ணிக்கையைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் கணக்கு) ஒரு தடவை சத்தம் வந்தால், அடையாளமும் அப்போதெல்லாம் அதே இடத்தில் இருந்தால், குற்றவாளி அந்த லாக்தான். அளவு மாறியிருக்கும், அல்லது தகட்டை அதிகமாக அமுக்கி மூட்டு விறைத்திருக்கும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டில் வளைவோ உடைந்த பல்லோ. அதைவிடச் சீக்கிரமாக, அடிக்கடி வந்தால் முன் ஸ்ப்ராக்கெட்.

வாங்குவது செட்டாகத்தான்: செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும். தேய்ந்த பல் அரிவாள் மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருக்கும், புதுச் செயினை அது சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். செயின் தகட்டிலேயே 428, 520 என்று நம்பர் குத்தியிருக்கும். முதல் இலக்கம் கண்ணி நீளத்தை அங்குலத்தின் எட்டிலொரு பங்கில் சொல்கிறது. 4 என்றால் அரை அங்குலம், அதுதான் 12.7 மி.மீ. 5 என்றால் 15.875. அடுத்த இரண்டு இலக்கமும் அகலத்துக்கு. பழைய செயினில் என்ன நம்பரோ அதே நம்பர், அதே கண்ணி எண்ணிக்கை. முன்பல்லை ஒன்று கூட்டினால் மைலேஜ் வரும் என்று கடையில் சொல்வார்கள், பிக்அப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் ரோலான், அம்பத்தூர் டி.ஐ.யின் டைமண்ட் இரண்டுமே வண்டிக் கம்பெனிகளுக்குச் செயின் கொடுத்துப் பழகியவை, கம்பெனி செட் கிடைக்காவிட்டால் தயங்காமல் வாங்கலாம். போலி அதிகம் என்பதால் பில்லோடு வாங்குங்கள். ஒற்றைப்படையாகக் கண்ணி வந்துவிட்டது என்று அரைக் கண்ணி போட்டு ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், செயினில் எளிதில் விட்டுப்போகும் இடம் அதுதான்.

மாட்டும் வேலையில் ஒரு தந்திரம் மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், மற்றது எல்லோருக்கும் தெரிந்ததே. முன் ஸ்ப்ராக்கெட் சில வண்டிகளில் இரண்டு போல்ட்டும் ஒரு தகடுமாக நிற்கும், அது சுலபம். நடுவில் ஒரே பெரிய நட் என்றால், செயின் இல்லாதபோது அதைத் திருப்பினால் ஷாஃப்டும் கூடவே சுற்றும். ஸ்க்ரூடிரைவரைப் பல்லுக்கும் கேஸுக்கும் நடுவில் கொடுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், உடையாமல் தப்பித்த கேஸை நீங்களே உடைத்துவிடுவீர்கள். முதலில் நட்டின் பூட்டு வாஷரை நிமிர்த்திவிடுங்கள். பழைய செயினை அந்த லாக்கோடு தற்காலிகமாக மாட்டி, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் நட்டைத் தளர்த்த வேண்டும். இறுக்கும்போதும் இதே முறை, புதுச் செயினோடு. வாஷரை மறுபடி மடித்துவிட மறக்க வேண்டாம்.

லாக்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் பக்கச் செயினில் வைத்துப் பார்த்தால் மூடிய முனை முன்சக்கரத்தை நோக்கியும், பிளந்த முனை பின்னோக்கியும். தலைகீழாக மாட்டினால் எதிலாவது உரசும்போது கிளிப் தானாகக் கழன்றுகொள்ளும். கிளிப் இரண்டு பின்னின் பள்ளத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பெரிய வண்டிகளில் கிளிப் கிடையாது, ரிவெட் லாக். அதற்குரிய கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி ரிவெட் செய்வது கூடாத வேலை.

தொய்வு எவ்வளவு என்று ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கர் இருக்கும், இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 20லிருந்து 30 மி.மீ. சக்கரத்தைச் சுற்றிச் செயின் எங்கே அதிக விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். கொஞ்சம் தொய்வு அதிகமானால் சத்தம்தான் வரும். குறைந்தால் ஆபத்து. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் மேலே போகும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் நேர்கோட்டுக்கு வரும். அப்போது செயினுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. தனியாக நிறுத்தும்போதே கம்பி மாதிரி இழுத்துவிட்டால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு ஷாஃப்ட் பேரிங்கில் இறங்கும். உங்கள் வண்டியில் இரண்டு கண்ணி எடுத்து மாட்டியிருப்பதால் இப்போதே அப்படித்தான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சீல் ஒழுகுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சக்கரம் நேராக இருக்கிறதா என்பதற்கு அட்ஜஸ்டர் கோட்டை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு தொய்வை இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போது மாறும். ஸ்ப்ளிட் பின் புதிதாகப் போடுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்குள் புதுச் செயின் கொஞ்சம் இளகும், அப்போது ஒரு முறை சரிசெய்தால் பிறகு நெடுநாள் தொல்லை இல்லை.

பராமரிப்பு பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து 90 கிரேடு கியர் ஆயில் விட்டால் போதும், ஓ-ரிங் செயினுக்கு (மூட்டுகளில் ரப்பர் வளையம் உள்ளது) மட்டும் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது. அதைவிட முக்கியமாக, சென்டர் ஸ்டாண்டில் போட்டு கியரில் ஓடவிட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். துணியின் நுனியைப் பல் இழுத்தால் அதோடு விரலும் உள்ளே போகும். நம் பட்டறைகளில் விரல் நுனி இல்லாத மெக்கானிக்குகளைக் கேட்டுப் பாருங்கள், பலர் சொல்லும் கதை இதுதான். கையால் சுற்றி, இன்ஜினை நிறுத்தியே செய்யுங்கள்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் உடைவும் பொதுவாகச் சேராது. செயின் அறுந்து வண்டி விழுந்து டேங்க் நசுங்கியிருந்தால் அந்த விபத்துச் சேதத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் விழவில்லை என்பதால் செயினுக்கும் கேஸுக்கும் கைக்காசுதான்.

வீட்டில் எதுவரை செய்யலாம்? கவரைத் திறந்து சுத்தம் செய்வது, பவுடர் போட்டுப் பார்ப்பது, செயினை அளப்பது, செட் மாற்றுவது வரை, கருவிகளும் கூட ஓர் ஆளும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஷாஃப்ட் சீல் பல வண்டிகளில் வெளியிலிருந்தே மாற்றும்படி இருக்கும். சிலவற்றில் கேஸைப் பிரித்தால்தான் வரும், அதைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பவுடரில் அந்தக் கறுப்புக் கோடு கேஸின் மேல் தெரிந்துவிட்டால் அத்தோடு நிறுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டு பட்டறையில் காட்டுங்கள். இன்ஜின் இறக்கும் கூலி, கேஸ்கெட் செட், வெல்டிங் அல்லது புதுக் கேஸ் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பத் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.